ஒரு குமிழ் தள்ளி

இல்ல மேடம், அவரு வரல. நான் மட்டும்தான். அந்த நாற்காலியை எடுக்க வேணாம், இருக்கட்டும், என் பையை வெச்சுக்கறேன்.

தெரியும் மேடம். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வந்து உங்க முன்னாடி கையெழுத்துப் போட்டாத்தான் நீங்க கோர்ட்டுக்கு அனுப்புவீங்க, அங்க பிரிச்சு விடுவாங்க. போன தடவையே தெளிவா சொன்னீங்க. இன்னைக்குத் தவறினா இன்னொரு தேதி கேட்டு வராதீங்கன்னும் சொன்னீங்க. அவரு காதுலயும் விழுந்துச்சு. காதெல்லாம் நல்லா கேக்கும் அவருக்கு. லிஃப்ட் ரிப்பேர் பாக்கறவரு மேடம். கீழ நின்னுக்கிட்டே, மேல எந்த மாடியில எந்த போல்ட்டு லூசுன்னு சத்தத்தை வெச்சே சொல்லிடுவாரு. பக்கத்துல நிக்கிற பொண்டாட்டி பேசறதுதான் கேக்காது. அது ஃபைல்லயே இருக்கும், விடுங்க.

ஐயோ, ஓடியெல்லாம் போகல. வீட்லதான் இருக்காரு. வேலையா இருக்காரு. என்ன வேலைன்னு சொல்றேன் மேடம், ஆனா முதல்லேருந்து சொன்னாத்தான் புரியும். நடுவுலேருந்து சொன்னா எங்க ரெண்டு பேரையும் மனநல டாக்டர்கிட்ட அனுப்பிடுவீங்க.

அந்தக் கப்பல்தான்.

ஆமா, மத்ததெல்லாம் பிரிச்சாச்சு. அதுல ஒரு பிரச்சினையும் வரல. ஃபிரிட்ஜ் எனக்கு, வாஷிங் மெஷின் அவருக்கு. கட்டில் அவருக்கு, மெத்தை எனக்கு. எப்படின்னு கேக்காதீங்க, அது அப்படித்தான் முடிஞ்சுது. எங்க கல்யாணத்துக்கு என் அக்கா குடுத்த கடிகாரத்தைக் கூட அவளே வெச்சுக்கட்டும்னு தள்ளிட்டாரு. அது ஓடலங்கறது வேற விஷயம். கப்பல் மட்டும்தான் நின்னு போச்சு. போன தடவை உங்க வெளி மேசையில இருக்கற தம்பி, தகராறுல இருக்கற சொத்துன்னு கேட்டு, நாங்க கப்பல்னதும் அப்படியே எழுதிக்கிட்டு, எந்தத் துறைமுகத்துல நிக்குதுன்னு கேட்டாரு. சாப்பாட்டு மேசையில நிக்குதுன்னு இவரு சொன்னாரு. அந்தத் தம்பி அதையும் எழுதிக்கிட்டாரு.

அது விண்வெளிக்குப் போற கப்பல் மேடம். போற மாதிரி பண்ண பொம்மை. பொம்மைன்னு அவர் முன்னாடி சொல்லிடாதீங்க. மாடல்னு சொல்லணும். சின்னச் சின்ன பிளாஸ்டிக் கட்டையா வரும், ஒண்ணு மேல ஒண்ணு அமுக்கிக் கட்டணும். பசங்க வெச்சு விளையாடுவாங்கல்ல, அதேதான். ஆனா இது பெரியவங்களுக்குன்னு பெட்டியிலயே போட்டிருக்கு. ஏழாயிரத்துச் சொச்சம் பீஸு. கட்டி முடிச்சா நான் ரெண்டு கையையும் விரிச்சு நின்னா எவ்வளவோ அவ்வளவு நீளம். முழுக்கச் சாம்பல் கலரு. அந்தச் சாம்பல்லயே வெளிர் சாம்பல், கருஞ்சாம்பல்னு ரெண்டு இருக்கு. டியூப்லைட் வெளிச்சத்துல ரெண்டும் ஒண்ணுதான். அந்த மாதிரி ஒரு கொடுமை.

சண்டைக்கு அது காரணமில்ல மேடம். சண்டைக்குக் காரணம் வேற. உங்க ஃபைல்ல கருத்து வேறுபாடுன்னு ஒரே வரியில இருக்கும். கருத்து வேறுபாடு வரணும்னா ரெண்டு பேரும் கருத்து சொல்லியிருக்கணும்ல?

நான் மருந்துக் கடையில இருக்கேன், உங்களுக்குத் தெரியும். சீட்டைப் பாத்து மாத்திரை எடுத்துக் குடுக்கறது. எங்க முதலாளி வேற ஊர்ல புதுக்கடை திறக்கறாரு. அந்தக் கடையை நீ வந்து பாத்துக்கம்மான்னு என்னைக் கேட்டாரு. முழுக்கடையும் என் பொறுப்பு. நான் அன்னைக்கு வீட்டுக்கு வந்து இவர்கிட்ட சொன்னேன். ம்னாரு. ம்னா என்ன அர்த்தம்? யோசிக்கிறாரு போலன்னு நானும் விட்டுட்டேன். மறுநாள் நான் குளிச்சுக்கிட்டிருக்கேன், முதலாளி எனக்குப் போன் பண்றாரு, இவரு எடுத்திருக்காரு. அவ வரமாட்டா சார், அவளுக்கு ஊர் விட்டு ஊர் போறதெல்லாம் ஒத்து வராதுன்னு சொல்லி வெச்சுட்டாரு. அதோட விட்டாரா? தங்கச்சிக்கும் போன் பண்ணிச் சொல்லியிருக்காரு. நாத்தனார் சாயங்காலம் என்கிட்ட, அண்ணி நீங்க அந்த வேலைக்குப் போகலயாமே, நல்லவேளைங்கறா. எனக்கு அப்பத்தான் தெரியுது நான் போகலன்னு.

கெட்ட எண்ணம்னு நானும் சொல்லல மேடம். அவளுக்கு எதுக்குச் சிரமம்னு நெனைச்சிருப்பாரு. எல்லாத்தையும் அவரே நெனைச்சுக்குவாரு, அதான் வியாதி. அன்னைக்குக் கோவத்துல, இப்படி இருக்கறதுக்குப் பிரிஞ்சே போயிடலாம்னு சொல்லிட்டேன். சரின்னாரு.

அந்தச் சரியைத்தான் மேடம் என்னால தாங்க முடியல. சண்டை போட்டிருந்தா பரவாயில்ல. ஏன்னு கேட்டிருந்தா பரவாயில்ல. டீ வேணுமான்னு கேட்டா சொல்ற அதே சரி. அதோட நானும் வாயை மூடிக்கிட்டேன். அவருக்கு மூட வேண்டிய அவசியமே இல்ல, ஏற்கனவே மூடித்தான் இருந்துச்சு. கோர்ட்டுல மனுப் போட்டோம், அவங்க கவுன்சிலிங்குக்கு உங்ககிட்ட அனுப்பினாங்க. வாடகை வீட்டுக்கு ஒப்பந்தம் முடியற வரைக்கும் ஒரே வீடு. அவரு ஹால்ல, நான் ரூம்ல.

அப்பத்தான் பெட்டி வந்துச்சு.

சண்டைக்கு ரொம்ப முன்னாடி ரெண்டு பேரும் சேந்து சொல்லி வெச்சது அது. ஒரு கடையில கண்ணாடிக்குள்ள கட்டி வெச்சிருந்தாங்க. குடை வாங்கப் போனவங்க, அதைப் பாத்துட்டுக் குடை வாங்காம வந்தோம். மழையில நனைஞ்சுக்கிட்டே இவரு அதோட இன்ஜினைப் பத்திப் பேசிக்கிட்டு வந்தாரு. கல்யாணமானதுலேருந்து அவரு அவ்வளவு பேசி நான் கேட்டதில்ல. ஸ்டாக் இல்ல, வந்தா அனுப்பறோம்னாங்க. மறந்தே போச்சு. வந்து நின்னப்ப, டெலிவரி பண்ண வந்தவரு யார் கையெழுத்துப் போடறீங்கன்னாரு. ரெண்டு பேரும் கையை நீட்டினோம். பாவம் அந்த மனுஷன், பேனாவை யார்கிட்ட குடுக்கறதுன்னு தெரியாம முழிச்சாரு.

திருப்பி அனுப்பியிருக்கலாம்தான். யாரு சொல்றது? சொன்னா பேசின மாதிரி ஆயிடும்ல.

ரெண்டு நாள் பெட்டி மேசை மேலயே கெடந்துச்சு. மூணாவது நாள் நான் வேலை விட்டு வரேன், பெட்டி திறந்திருக்கு. உள்ள கட்டற முறையைப் படம் போட்டுக் காட்ட ரெண்டு தடிப் புஸ்தகம். முதல் புஸ்தகத்துல பின்பாதி, ரெண்டாவதுல முன்பாதி. இவரு முதல் புஸ்தகத்தை எடுத்துக்கிட்டு மேசையோட அந்தக் கோடியில உக்காந்து இன்ஜின் கட்டிக்கிட்டிருக்காரு. ரெண்டாவது புஸ்தகத்தையும் அதுக்கான பீஸ் பையெல்லாத்தையும் எடுத்து இந்தக் கோடியில என் நாற்காலிக்கு நேரா அடுக்கி வெச்சிருக்காரு. அழைப்புதான், வேறென்ன? ஆனா அழைக்கல. நானும் வந்த மாதிரி காட்டிக்கல. பையை வெச்சேன், கை கழுவினேன், உக்காந்து மூக்கைக் கட்ட ஆரம்பிச்சேன். கப்பலோட மூக்கை.

அப்படி யாராவது கட்டுவாங்களான்னா, மாட்டாங்க மேடம். அடியிலேருந்து வரிசையா வரணும். ரெண்டு கோடியிலேருந்து ரெண்டு பேரு கட்டிக்கிட்டு வந்து நடுவுல சந்திக்கறதுங்கறது சுரங்கம் தோண்டறவங்க பண்ற வேலை. அவங்க கூட நடுநடுவுல போன் பண்ணிப் பேசிக்குவாங்கன்னு நெனைக்கிறேன்.

நாங்க பேசிக்கல. ஆனா ஒரு முறை வந்துடுச்சு. எனக்குச் சின்னச் சாமான் தேடி எடுக்கறது பழக்கம். கடையில நாள் முழுக்க அதான் வேலை. காலி மாத்திரைத் தட்டெல்லாம் கொண்டு வந்து, பீஸை ஜாதி பிரிச்சுப் போட்டு வெச்சேன். அவருக்குப் பெரிய கை. ஸ்பானர் புடிக்கிற கை. கடுகு மாதிரி இருக்கற பீஸைத் தேடினா அந்தக் கைக்கு ஆப்பிடாது. தேடுவாரு, தேடுவாரு, அப்புறம் புஸ்தகத்தை என் பக்கம் லேசா தள்ளி, படத்து மேல விரலை வெப்பாரு. நான் எடுத்து மேசையில வெப்பேன். கையில குடுக்க மாட்டேன். மேசையில வெச்சா பேச்சுல சேராது. அதே மாதிரி என் பக்கம் ஏதாவது இறுக்கமா அமுக்கணும்னா, நான் அப்படியே வெச்சுட்டு எழுந்து தண்ணி குடிக்கப் போவேன். திரும்பி வந்தா அமுக்கியிருக்கும்.

சாப்பாடா? நின்னுக்கிட்டேதான். மேசைதான் இல்லையே.

இதுல நடுவுல நீங்க வேற, போன தடவை, அதைப் பாதிப் பாதியா எடுத்துக்கங்களேன்னீங்க. நல்ல மனசோடதான் சொன்னீங்க. ஆனா பாதிக் கப்பலை வெச்சுக்கிட்டு எங்க மேடம் போறது? முழுக் கப்பலும் எங்கயும் போகாதுங்கறது உண்மைதான். இருந்தாலும் போற மாதிரியாவது இருக்கும்ல. நான் அடுத்த மாசம் அந்த ஊருக்குப் போகப் போறேன். ஆமா, அந்தப் புதுக்கடைக்குத்தான். கட்டடம் முடிய நாளாச்சு, முதலாளி மறுபடியும் கேட்டாரு, இந்தத் தடவை போனை நானே எடுத்தேன், வர்றேன்னுட்டேன். அங்க ஒரு வீடும் பாத்துட்டேன், நாத்தனார் சொல்லி இவருக்கும் தெரியும். கப்பலை வெக்க, ஜன்னல் வெயில் படாத சுவரு இருக்கற வீடா பாத்து எடுத்தேன். வெயில் பட்டா அந்தச் சாம்பல் மஞ்சளாயிடும். இவரு என்னடான்னா இங்க ஹால்ல வெக்கிறதுக்கு இரும்புல ஸ்டாண்டே பண்ணிட்டாரு, மூக்கு கொஞ்சம் மேல தூக்கின மாதிரி. ஆளுக்கொரு இடம் தயாரா இருக்கு. கப்பல்தான் ஒண்ணு.

வர்றேன் மேடம், இன்னைக்கு விஷயத்துக்குத்தான் வர்றேன். நேத்து சாயங்காலம் ரெண்டு பாதியும் முடிஞ்சுது. சேக்கணும். மேசையை ஒழிச்சு, அவரு அந்தப் பக்கத்துலேருந்து தள்ளிக்கிட்டு வர்றாரு, நான் இந்தப் பக்கத்துலேருந்து. சேரல.

அந்தக் கட்டை மேல மேடு மேடா இருக்கும்ல, அதை நாங்க குமிழ்னு சொல்றது. ஒரே ஒரு குமிழ் தள்ளி நிக்குது. அவர் பாதி இடது பக்கம் ஒரு குமிழ் ஏறி இருக்கு. அப்படியே அமுக்கினா கப்பல் யாரையோ பாத்து முகத்தைத் திருப்பிக்கிட்ட மாதிரி இருக்கும். எங்க வீட்டுக்குப் பொருத்தமாத்தான் இருக்கும், ஆனா ரெண்டு பாதியையும் சேக்கற கம்பி நுழையாது.

அவரு என் பாதியைப் பாத்தாரு. நான் அவர் பாதியைப் பாத்தேன். போனை எடுத்து நாத்தனாருக்குப் போட்டு, ஸ்பீக்கர்ல வெச்சு, மேசை நடுவுல வெச்சாரு. உங்க அண்ணி பக்கம் ஏதோ தப்பு, சரி பாக்கச் சொல்லுங்கறாரு. அண்ணி, அண்ணன் உங்க பக்கம் தப்புங்கறாரு. உங்க அண்ணன் பக்கத்தைப் பாக்கச் சொல்லுன்னேன். அண்ணா, அண்ணி உன் பக்கம்ங்கறாங்க. இப்படியே போகுது. ரெண்டு பேருக்கும் நடுவுல அந்தக் கப்பல் நீளம்தான் இடைவெளி. அவ எவ்வளவு நேரம் பொறுப்பா? கொழந்தைக்குச் சோறு ஊட்டிக்கிட்டிருக்கா. உங்க ரெண்டு பேருக்கும் வாயில கொழுக்கட்டையா இருக்கு, இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்கன்னு வெச்சுட்டா. அதுக்கப்புறம் எத்தனை தடவை போட்டாலும் எடுக்கல.

இன்னைக்குக் காலையில நான் எழுந்து வரேன், இவரு குளிச்சு, இங்க வர்றதுக்குன்னு சட்டையெல்லாம் மாத்திக்கிட்டு, அதே நாற்காலியில உக்காந்திருக்காரு. என்னைப் பாத்து, நேரா என்னைப் பாத்து, எந்தப் பக்கத்துலேருந்து பாக்கலாம்னாரு. எனக்குப் பின்னாடி வேற யாராவது நிக்கிறாங்களான்னு திரும்பிப் பாத்தேன் மேடம். இத்தனை மாசத்துல முதல் பேச்சு.

ரெண்டு புஸ்தகத்தையும் விரிச்சு ஒவ்வொரு பக்கமா வந்தோம். என் பக்கம் தப்பு இல்ல. இதை நான் சந்தோஷமாவே சொல்றேன். அவர் பக்கம்தான். அடிவயித்துல ஒரு நீளக் கட்டை, படத்துல இடது பக்கம் ஒரு குமிழ் விட்டுத்தான் இருக்கு. இவரு அதை நடுவுல வெச்சிருக்காரு. பாக்காம இல்ல, பாத்துத்தான் வெச்சிருக்காரு. அவரு கூட வேலை செய்யறவங்க இவரை ரசமட்டம்னுதான் கூப்பிடுவாங்க. எதையும் மட்டம் பாக்காம விட மாட்டாரு. லிஃப்ட் பெட்டி அது ஏறி இறங்கற குழிக்கு நடுவுல இருக்கணும்ல, அந்தக் கணக்குல, புஸ்தகம் போட்டவன் தப்பா போட்டுட்டான்னு அவரே முடிவு பண்ணித் திருத்திட்டாரு. ஏழாயிரம் பீஸை யோசிச்சு யோசிச்சுப் பண்ணவனுக்கு நடு எதுன்னு தெரியாதாம்.

நான் ஒண்ணும் சொல்லல மேடம். சத்தியமா ஒரு வார்த்தை சொல்லல. அந்தப் படத்து மேல விரலை வெச்சேன், அவ்வளவுதான்.

அதைச் சரி பண்ணணும்னா அவர் பாதியோட முதுகைத் திறந்து, அதைத் தாங்கற நடுக்கம்பியை உருவி, அந்தக் கட்டையை நகத்தணும். கம்பியை உருவினா பின்பாதி வயிறு தொங்கிடும். ஒருத்தர் அடியில கையைக் குடுத்துத் தாங்கினாத்தான் இன்னொருத்தர் உள்ள வேலை பாக்க முடியும். அவரு ரெண்டு கையையும் அடியில குடுத்தாரு, தூங்கற கொழந்தையைத் தூக்கற மாதிரி. நான் ஒவ்வொண்ணா கழட்டிக்கிட்டிருக்கேன். பாதி கழட்டியாச்சு. அப்பத்தான் அவரு பேசினாரு. தலையைத் தூக்கல, கப்பலைப் பாத்துக்கிட்டே. கடை விஷயத்துல உன்னைக் கேட்டிருக்கணும், நானா சொன்னது தப்புன்னாரு.

ஒரு நிமிஷம் மேடம்... தண்ணி வேணாம். இருக்கேன்.

எனக்கு அழுகை வந்துடுச்சு. சும்மா இல்ல, குலுங்கி அழுதேன். கண்ணுல தண்ணி நின்னுக்கிட்டு எது வெளிர் சாம்பல் எது கருஞ்சாம்பல்னே தெரியல. அவருக்கு என் கண்ணைத் தொடச்சு விடணும்னு இருக்கு, கை எடுக்க முடியல. அப்படியே நிக்கிறாரு. அப்புறம் கேட்டாரு. நீ போற ஊருக்கு நானும் வரட்டுமா, எந்த ஊரா இருந்தா என்ன, எல்லா ஊர்லயும் லிஃப்ட் மாட்டிக்கிட்டு நிக்கத்தான் செய்யும், ஆனா நீ சொன்னாத்தான் வருவேன்னாரு. கேட்டாரு மேடம். முடிவா சொல்லல. வரட்டுமான்னு கேட்டாரு.

வாயைத் திறந்தா அழுகைதான் வருது. மணியைப் பாத்தா இங்க வர்ற நேரமாயிடுச்சு. யாராவது ஒருத்தர் வரணும், யாருமே வரலன்னா நீங்க என்ன எழுதிடுவீங்களோன்னு பயம். அடியில புஸ்தகம் அடுக்கிப் பாத்தோம், ரசமட்டத்துக்கு ஒத்துக்கல, ஒரு பக்கம் சரியுதுன்னுட்டாரு. நாத்தனாரைக் கூப்பிடலாம்னா போனை எடுக்கல. நீ போய்ட்டு வா, நான் தாங்கிக்கிட்டு நிக்கறேன்னாரு. பையைத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன்.

இப்ப வரைக்கும் நின்னுக்கிட்டுத்தான் இருக்காரு. அதான் வரல.

விட்டுட்டு வரச் சொல்றதா? விழுந்துடுமே மேடம்.

இல்லயில்ல, அந்தக் காகிதத்தை எடுக்காதீங்க, அதுல கையெழுத்துப் போட வரல நான். போட்ட மனுவைத் திரும்ப வாங்கறதுக்கு வேற ஒண்ணு இருக்கும்ல, அதைக் குடுங்க. ஆமா, நல்லா யோசிச்சுத்தான். பஸ்ஸுல வழி நெடுக அதைத்தான் யோசிச்சேன். கப்பல் யாருக்குன்னு எதுவும் எழுத வேணாம். என்கூட அந்த ஊருக்கு வருது, அவரும் வர்றாரு.

அவர் கையெழுத்தும் வேணுமா? சரி, வாங்கிக்கிட்டு வரேன், கை காலியானதும். ஆனா அவருக்கு இன்னும் தெரியாது மேடம். இனிமே போய்த்தான் சொல்லணும். கொஞ்சம் சீக்கிரம் குடுங்க, அவருக்குக் கை வலிக்கும்.